கொடுப்பதா, விற்பதா, பரணிலேயே போட்டுவைப்பதா?

என் கார் டிக்கியில் ஒரு மூட்டை நான்கு மாதம் ஊர் சுற்றியது. பதினொரு சட்டை, மூன்று பேண்ட், ஜிப் போன ஒரு தோள்பை, பிள்ளை விளையாடி முடித்த மரக்கட்டைகள் ஒரு டப்பா, ஜாடி இல்லாத ஒரு மிக்ஸி. வீட்டைக் கழித்துக் கட்டிவிட்டோம் என்ற திருப்தியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கி டிக்கியில் வைத்தேன். போகிற வழியில் எங்காவது கொடுத்துவிடலாம் என்று நினைப்பு. அந்த வழியாகப் போகவே இல்லை. டயர் பஞ்சரான ஒரு நாள், ஸ்டெப்னியை எடுப்பதற்காக மூட்டையை ரோட்டோரம் இறக்கி வைத்தேன். அந்தப் பக்கம் போன ஒருவர் நின்று, "வீடு மாத்துறீங்களா?" என்று கேட்டார்.

அன்றைக்கு உட்கார்ந்து யோசித்ததில் தேறியது இது. வேண்டாத சாமானை என்ன செய்வது என்று பேச ஆரம்பித்தாலே, விற்றால் காசு, கொடுத்தால் புண்ணியம் என்று இரண்டு தட்டு வைத்துத் தராசைத் தூக்கிவிடுகிறோம். நான் இப்போது வேறு ஒன்றைத்தான் பார்க்கிறேன். இந்தப் பொருள் இன்னொருவர் கையில் உபயோகத்துக்கு வர இன்னும் எவ்வளவு வேலை பாக்கி இருக்கிறது, அந்த வேலையை யார் செய்யப்போகிறார்கள்? துவைப்பது, காணாமல் போன ஸ்க்ரூவைத் தேடுவது, போட்டோ எடுப்பது, தூக்கிக்கொண்டு போவது, நல்லது கெட்டது பிரிப்பது எல்லாமே வேலைதான். எந்த வழியை எடுத்தாலும் அந்த வேலை யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. என் மூட்டையில் அது யார் தலையிலும் விழாமல் டிக்கியிலேயே கிடந்தது.

வழிகள் மொத்தம் ஆறு: வைத்துக்கொள்வது, விற்பது, தெரிந்தவருக்குக் கொடுப்பது, தெரியாதவருக்குச் சும்மா கொடுப்பது, தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பது, கடைசியாக மறுசுழற்சி அல்லது குப்பை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வைத்துக்கொள்வது

பார்க்க இதுதான் செலவில்லாத வழி. பெட்டியில் போட்டு டேப் ஒட்டிப் பரணில் ஏற்றினால் முடிந்தது. ஆனால் பரணில் ஏறிய பொருள் அப்படியே இருப்பதில்லை. எட்டு வருடம் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த நடைக்காலணி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு முறை வெளியே கிளம்பினேன். தெருமுனை தாண்டுவதற்குள் அடிப்பாகம் ரொட்டித்தூள் மாதிரி உதிர ஆரம்பித்தது. காலணிகளில் போடும் பாலியூரித்தேன் நுரை, காற்றில் உள்ள ஈரம் பட்டுப் பட்டு உள்ளுக்குள்ளேயே சிதையும். போட்டு நடக்காவிட்டாலும் சிதையும். உள்ளாடை எலாஸ்டிக், குக்கர் கேஸ்கட், சூட்கேஸ் சக்கரம், மடிக்கணினி பேட்டரி எல்லாம் இதே ஜாதிதான். சும்மா இருந்தே கெட்டுப்போகும். அந்தக் காலணியை வாங்கிய இரண்டாம் வருடமே யாருக்காவது கொடுத்திருந்தால் ஐந்தாறு வருடம் நடந்திருக்கும். நான் சேமித்துவைத்து குப்பையாக்கினேன்.

பிறகு ஏன் விட மனம் வருவதில்லை? டேனியல் கானமன், ஜாக் கினெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பெயர் போனது. மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கு ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்தார்கள். பிறகு, கையில் கோப்பை வைத்திருப்பவர் என்ன விலைக்கு விற்பார், இல்லாதவர் என்ன விலைக்கு வாங்குவார் என்று கேட்டார்கள். விற்பவர் சொன்ன விலை, வாங்குபவர் சொன்னதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோப்பை அவர்கள் கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது! பத்து வருடமாக அலமாரியில் இருக்கும் சாமானைப் பற்றி நம் மனம் என்ன விலை சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே "என்றைக்காவது தேவைப்படும்" என்று தோன்றும்போது நான் கேட்டுக்கொள்வது: இது இன்றைக்குத் தொலைந்துபோனால் திரும்ப வாங்குவேனா? வாங்குவேன் என்றால் இருக்கட்டும். சந்தேகமாக இருந்தால் பெட்டியின் மேல் ஒரு சீட்டில் தேதி எழுதி ஒட்டிவிடுகிறேன். அந்தத் தேதிவரை திறக்கவில்லை என்றால் வெளியே போகிறது. திறந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மட்டும் நினைக்கக் கூடாது. திறந்தால் போச்சு, ஒவ்வொன்றும் கண்ணைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடும்.

ஞாபகப் பொருட்கள் வேறு கணக்கு. அவற்றில் நாம் விட மறுப்பது பெரும்பாலும் பொருளை அல்ல, அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நாளை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் விடுதிகளில் ஆய்வாளர்கள் பழைய பொருள் சேகரிப்பு இயக்கம் நடத்தினார்கள். சில விடுதிகளில் "கொடுங்கள்" என்று மட்டும் விளம்பரம். மற்றவற்றில் "ஞாபகத்துக்கு ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு கொடுங்கள்" என்று விளம்பரம். முதல் வகையில் 533 பொருட்கள் வந்தன, இரண்டாவதில் 613. ஆய்வு 2017ல் வெளிவந்தது. நானும் செய்து பார்த்தேன். பிள்ளையின் முதல் சைக்கிளைப் படம் எடுத்த பிறகு கொடுப்பது சுலபமாகத்தான் இருந்தது. அந்தப் படத்தை நான் இதுவரை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு சிறு எச்சரிக்கை. எதையுமே விட முடியாமல் தவித்து, படுக்கவும் சமைக்கவும்கூட இடமில்லாமல் வீடு நிரம்பிவிட்ட நிலை என்பது சோம்பல் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் அதைத் தனி நோயாகவே பட்டியலில் சேர்த்தது. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் வெளியே போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் அள்ளிப் போடுவது உதவியே அல்ல. பொதுவாகவும் இது பொருந்தும்: கணவர், மனைவி, பிள்ளை யார் சாமானாக இருந்தாலும் அவர்களைக் கேட்காமல் கழிக்காதீர்கள். நம் கண்ணுக்கு அடுத்தவர் சாமான் மட்டும்தான் குப்பையாகத் தெரியும்.

விற்பது

கொடுக்க வேண்டியதை விற்கிறார்களே என்று விற்பவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிற வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அந்தப் பொருள் நிச்சயம் தேவை. தூக்கிக்கொண்டு போவதும் அவர் வேலை. கொண்டுபோய்ப் பயன்படுத்துவார் என்ற உத்தரவாதம் இதைவிட வேறெந்த வழியிலும் இல்லை.

சிக்கல், நம் பக்க வேலை. துடைத்துப் போட்டோ எடுக்க வேண்டும், நீள அகலம் அளக்க வேண்டும், மாடல் எண் தேட வேண்டும். அப்புறம் "கடைசி விலை என்ன?" என்ற கேள்வி வரும், பதில் போட்டதும் ஆள் காணாமல் போவார். சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்றவருக்காக நான் ஒரு முழுச் சனிக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன். அதனால் விற்கலாமா என்று முடிவு செய்வதில் நான் பார்ப்பது இரண்டுதான்: பொருள் முழுசாக இருக்கிறதா, அதன் பெயரைத் தட்டித் தேடுகிறவர்கள் இருக்கிறார்களா. நல்ல கைக்கருவிகள், சைக்கிள், கேமரா லென்ஸ், இசைக்கருவி, கெட்டி மரச் சாமான், குழந்தை தள்ளுவண்டி போன்றவை போகும். பெரிய கண்ணாடி ஷோகேஸ், பழைய டிவிடி, மை காய்ந்த பிரிண்டர் போகாது. கலைக்களஞ்சியத் தொகுதிகளும் போகாது. பிரிட்டானிக்காவே 2012ல் அச்சுப் பதிப்பை நிறுத்திவிட்டதாக அறிவித்தது, நம் வீட்டுத் தொகுதியை யார் வாங்குவார்?

விலை வைக்கும்போது அந்தக் கோப்பைக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். மனதில் தோன்றும் விலையைப் பாதியாக்கினால் அநேகமாகச் சரியாக இருக்கும். வாங்கின விலை என்பது ஏற்கெனவே செலவாகிப்போன காசு, அதை எதிர்ப்படுகிறவரிடம் வசூலிக்க முடியாது. நான் இரண்டு வாரம் கெடு வைக்கிறேன். அதற்குள் விற்காவிட்டால் விலையை எடுத்துவிட்டு "இலவசம்" என்று மாற்றிவிடுகிறேன். இந்தக் கெடு இல்லாவிட்டால் விற்பது என்பதும் பரணில் போடுவதற்கு இன்னொரு பெயர்தான்.

தெரிந்தவருக்குக் கொடுப்பது

பொருந்தினால் இதைவிட நல்ல வழி கிடையாது. பாக்கி வேலையே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அளவான ஸ்வெட்டர் என்றால் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம். பொருந்தாவிட்டால் இதைவிடத் தொல்லையான வழியும் கிடையாது. நண்பர் ஒருவருக்கு என் உடற்பயிற்சி சைக்கிளை, பெரிய மனசு பண்ணி, வீட்டு வாசல்வரை கொண்டுபோய் இறக்கினேன். ஆறு மாதம் கழித்துப் போனால் அதன் ஹேண்டில்பாரில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. என் வீட்டிலும் அது அதே வேலையைத்தான் பார்த்தது. அவர் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் வாங்கிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வாங்குகிறவருக்குச் சொன்ன அறிவுரை அது. கொடுக்கிறவர் அதைக் கேடயமாகப் பிடித்துக்கொள்வதுதான் தப்பு. பல்லைப் பார்க்கட்டும்; நாமே வாயைத் திறந்து காட்டுவது இன்னும் நல்லது. நான் இப்போது பொருளை எடுத்துக்கொண்டு போவதில்லை. முதலில் ஒரு படம் அனுப்புகிறேன். குறையை முதல் வரியிலேயே சொல்கிறேன்: "இடது கதவு சரியா மூடாது. வேணும்னா சொல்லுங்க, வேண்டாம்னா நாளைக்கு வேற ஒருத்தரைக் கேட்கணும்." அந்த இரண்டாவது வாக்கியம் முக்கியம். நான் வேறு ஒருவரைக் கேட்கப்போகிறேன் என்று தெரிந்தால்தான் அவரால் சங்கடமில்லாமல் மறுக்க முடியும்.

வீட்டு வேலைக்கு வருகிறவர், அலுவலகத்தில் நமக்குக் கீழே வேலை பார்க்கிறவர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர்களால் எளிதில் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. கிழிந்ததையும் உடைந்ததையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு போய், தன் வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடும் வேலையையும் அவரே செய்வார். அவரிடம் "பிடிச்சிருந்தா மட்டும் எடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவது நல்லது. கொடுத்ததைச் சம்பளத்தில் கழிக்கவோ, கொடுத்த கணக்கைப் பின்னால் சொல்லிக்காட்டவோ கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன? அதேபோல், யாருக்குக் கொடுத்தாலும், "அந்தச் சட்டையைப் போடறதில்லையா?" என்று விசாரிக்காதீர்கள்.

தெரியாதவருக்குச் சும்மா கொடுப்பது

அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டூசான் நகரில் 2003ல் டெரான் பீல் என்பவர் ஒரு மின்னஞ்சல் குழு ஆரம்பித்தார். வேண்டாததை எழுதிப் போடுங்கள், வேண்டியவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும், காசு பேசக் கூடாது. அது ஃப்ரீசைக்கிள் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. இன்றைக்கு குடியிருப்பு வாட்ஸ்அப் குழு முதல் தனிச் செயலிகள்வரை இதே வேலையைச் செய்கின்றன.

அரைகுறைச் சாமானுக்கு இதற்கு இணையான வழி இல்லை. என் ஜாடி இல்லாத மிக்ஸியை எந்தத் தொண்டு நிறுவனமும் வாங்காது, விற்கவும் முடியாது. ஆனால் எங்கோ ஒரு வீட்டில் மோட்டார் எரிந்து, ஜாடி மட்டும் நன்றாக இருக்கும். அந்த இருவரையும் சேர்த்துவைப்பது இப்படி ஒரு அறிவிப்பால் மட்டும்தான் முடியும். மீந்த தரை ஓடு, பாதி டப்பா பெயின்ட், ஒற்றை ஸ்பீக்கர், காலி அட்டைப்பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். பாக்கி வேலை நிறைய இருக்கிறது. ஆனால் அதைத் தெரிந்தே ஒருவர் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்.

அதனால் எழுதுகிற விதம்தான் எல்லாம். "நாற்காலி, நல்ல நிலையில்" என்று எழுதினால் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப்போவார்கள். "மர நாற்காலி. மூன்று கால் உறுதி, பின்பக்க வலது கால் ஆடும், ஒட்டினால் சரியாகும். பூனை கீறிய தடம் உண்டு. முதல் மாடி, லிஃப்ட் இல்லை" என்று எழுதினால் ஒருவர்தான் வருவார், எடுத்துக்கொண்டு போவார். வீட்டு முகவரியை அறிவிப்பில் போட வேண்டாம். ஆள் முடிவான பிறகு தனியாகச் சொல்லி, பொருளை வாசலில் வைத்துக் கொடுத்தால் போதும். முதலில் கேட்டவருக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. நான் ஒரு நாள் பொறுத்து, எப்போது வருகிறேன் என்று நேரத்தோடு சொல்கிறவருக்குக் கொடுக்கிறேன். இலவசம் என்பதால் வராமல் ஏமாற்றுகிறவர்கள் விற்பனையைவிட இங்கே அதிகம். இரண்டாவது ஆள் ஒருவரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டு நிறுவனம்

மனசுக்கு நிறைவான வழி இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட வழியும் இதுதான். நாம் கொடுக்கும் சட்டையை மறுநாளே ஒருவர் போட்டுக்கொண்டு போவதாக ஒரு சித்திரம் நம் மனதில் இருக்கிறது. அப்படியும் நடக்கும். ஆனால் இந்த ஏற்பாட்டின் அடிப்படை வேறு. 1902ல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் வசதியான வீடுகளில் பழைய சாமான் சேகரித்து, வேலையில்லாதவர்களைக் கொண்டு அதைத் தைத்துப் பழுதுபார்த்து விற்றார்; விற்ற காசு அவர்களுக்குக் கூலியாகப் போனது. குட்வில் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பிறந்த கதை இது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனத்துக்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிரீஸ் மக்களுக்காகக் கேட்டபோது தேவைக்கு மேல் பொருள் வந்து குவிந்தது. மீந்ததை விற்க 1940களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டில் அவர்கள் திறந்ததுதான் பிற்பாடு பெருகிய தொண்டுக் கடைகளுக்கு முன்னோடி. ஆக, கொடுத்த பொருளைப் பிரிப்பது, பழுது பார்ப்பது, விற்பது என்ற கூலி வேலை ஆரம்பத்திலிருந்தே இதில் இருக்கிறது. நாம் மூட்டையை இறக்கிவிட்டு வரும்போது அந்த வேலையையும் சேர்த்துத்தான் இறக்கிவிட்டு வருகிறோம்.

துணியை மட்டும் பின்தொடர்ந்து பார்ப்போம். நல்லதைக் கடையில் தொங்கவிடுவார்கள். விற்காதது எடைக்குப் போகும். பிரிப்பவர் ஒருவர் அதைத் தரவாரியாகப் பிரிப்பார். பருத்தித் துணி துடைக்கும் துணியாக வெட்டப்படும், சில மெத்தைத் திணிப்பாக அரைபடும், மீதி இறுக்கிக் கட்டிய பொதிகளாகக் கப்பலேறும். கானாவின் அக்ரா நகரில் காந்தமாந்தோ என்றொரு மாபெரும் சந்தை இருக்கிறது. அங்கே பழைய துணிக்கு "ஓப்ரோனி வாவு" என்று பெயர். இறந்துபோன வெள்ளைக்காரரின் துணி என்று அர்த்தம். உயிரோடு இருப்பவர் இவ்வளவு துணியைக் கழிப்பாரா என்ற ஆச்சரியம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அங்குள்ள சிறு வியாபாரி பொதியைப் பிரித்துப் பார்க்காமலேயே காசு கொடுத்து வாங்குகிறார். உள்ளே கறை படிந்த சட்டையும் பட்டன் போன பேண்ட்டும் இருந்தால் அது அவருடைய நஷ்டம். துணி கடைசியில் வாய்க்காலுக்கும் கடற்கரைக்கும் போகிறது. இந்த வணிகத்தை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் அதில்தான் பிழைக்கிறார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீயில் எரிந்தபோது தெருவில் நின்றவர்களும் அவர்கள்தான். ருவாண்டா தன் நாட்டுத் தையல் தொழிலைக் காக்கப் பழைய துணிக்கு வரியை உயர்த்தியதும், அமெரிக்கா 2018ல் ருவாண்டாவின் ஆடைகளுக்கு இருந்த வரிச்சலுகையை நிறுத்திவைத்தது. தானமாகக் கிளம்பிய சட்டைக்காக இரண்டு நாடுகள் மல்லுக்கு நின்றன.

பேரிடர் நேரத்தில் இது இன்னும் மோசமாகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோர ஊர்களில் பழைய துணி ரோட்டோரம் குவியல் குவியலாகக் கிடந்தது. மீட்பு வேலைக்கு வேண்டிய லாரியும் ஆளும் அதைப் பிரிக்கவும் அள்ளவும் போக வேண்டியிருந்தது. பேரிடர் என்றால் பணம் கொடுங்கள். வீட்டைக் கழிக்க அது சந்தர்ப்பமல்ல.

இதனால் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று ஆகிவிடாது. நம் பங்கு வேலையை நாம் முடித்துவிட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று சொன்னது இங்கே வேறு விதத்தில் பொருந்தும். போவதற்கு முன்னால் ஒரு போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: இப்போது என்ன தேவை, எந்த நாளில் வாங்குவீர்கள், தேவைப்படாததை என்ன செய்வீர்கள். மூன்றாவதற்கு நேராகப் பதில் சொல்கிற இடம் நல்ல இடம். காப்பகங்களில் எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது பிரிக்காத புது உள்ளாடை, படுக்கை விரிப்பு, துண்டு. நாம் கொண்டுபோவது விசேஷத்துக்கு ஒருமுறை போட்ட உடுப்பு. சாயம்போன துண்டையும் ஓரம் நைந்த போர்வையையும் மனிதர்களுக்குக் கொடுக்க மனம் கூசினால் விலங்குக் காப்பகத்தைக் கேளுங்கள். பல இடங்களில் ஆசையாக வாங்கிக்கொள்வார்கள்.

என் மூட்டையில் இருந்த பதினொரு சட்டைகளையும் ஜன்னலோரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காலரின் மடிப்பு உட்காரும் கோட்டில்தான் சட்டை முதலில் நையும். நாலு சட்டையில் அந்தக் கோடு வெள்ளையாக வெளுத்து நூல் தெரிந்தது. இரண்டில் அக்குள் மஞ்சள். ஒன்றில் கடைசிப் பட்டன் இல்லை. மிச்சம் நாலு. பிரிக்காமல் கொடுத்திருந்தால் யாரோ ஒருவர் பதினொன்றையும் இதேபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பார். எனக்கு ஆனது எட்டு நிமிடம். துவைத்து, மடித்து, அளவைச் சீட்டில் எழுதி வைத்தேன். காலணி கொடுப்பதாக இருந்தால் ஜோடியைக் கயிறால் கட்டிவிடுங்கள்; ஒற்றைச் செருப்புக்கு ஜோடி தேடுவதைப்போல எரிச்சலான வேலை வேறில்லை. புத்தகத்தைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் அதை நல்ல புத்தகங்களோடு வைக்கவே கூடாது, பக்கத்தில் இருப்பதற்கும் தொற்றும்.

அவர்களே வேண்டாம் என்று சொல்லும் பொருட்களும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. மெத்தையில் மூட்டைப்பூச்சி பயம். ஹெல்மெட்டின் உள்நுரை ஒரு அடியைத் தாங்கினால் நசுங்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. குழந்தைகளுக்கான கார் இருக்கைக்கும் அதேதான். பலவற்றில் காலாவதித் தேதியே அச்சிட்டிருப்பார்கள். பக்கச் சட்டம் இறங்குகிற குழந்தைக் கட்டிலை அமெரிக்காவில் 2011லிருந்து விற்கவே கூடாது, பழையதாக இருந்தாலும். சட்டம் கழன்ற இடுக்கில் சிக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். மருந்தும் கூடாது. நோயாளிக்கு ஒருமுறை கொடுத்துத் திரும்பிய மருந்தைத் தானமாக அனுப்பக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1996லேயே வழிகாட்டி வெளியிட்டது. இவையெல்லாம் நமக்குப் புத்தம் புதுசாகத் தெரியலாம். நம் பிள்ளைக்கு முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்தால் போட்டுவிடுவோமா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

வரிச்சலுகை உள்ள நாடாக இருந்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், கொடுத்ததை எண்ணி எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். அப்படி எழுதி வைத்ததில் எனக்கு வேறு ஒரு லாபமும் கிடைத்தது: ஒரே வருடத்தில் ஒன்பது கறுப்பு டி-ஷர்ட் கழித்திருக்கிறேன் என்று தெரிந்த பிறகு பத்தாவதை வாங்கக் கை வரவில்லை.

மறுசுழற்சி, குப்பை

பேட்டரி உள்ள எதையும் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும், குப்பை லாரியில் நசுங்கத்தான் செய்யும். உலகத்தில் 2022ல் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது; அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். போன் கொடுப்பதற்கு முன் கணக்குகளிலிருந்து வெளியேறி, பிறகு முழுமையாக ரீசெட் செய்யுங்கள். கணக்கு ஒட்டியிருக்கும் போன் வாங்கியவருக்கு வெறும் செங்கல். பழைய கணினியில் கோப்புகளை டெலீட் செய்தால் மட்டும் அவை அழிந்துவிடாது, ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்வது எளிது. துணிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல் தனிச் சேகரிப்பு கட்டாயம். மற்ற இடங்களில் உள்ளூர் ஏற்பாட்டைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணியை நூலாகத் திரும்பப் பிரிப்பது கஷ்டம் என்பதால் நைந்துபோன கலப்புத் துணியில் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

சில பொருட்கள் குப்பைதான். அதை ஒத்துக்கொண்டு நாமே குப்பையில் போடுவதில் ஒரு நேர்மை இருக்கிறது. தானப் பெட்டியில் போட்டால் குற்ற உணர்ச்சி நம்மை விட்டுப் போகிறது, குப்பை போவதில்லை. கூடுதலாக ஒரு வண்டிச் செலவோடு வேறு வழியாக அங்கேதான் போய்ச் சேர்கிறது.

ஒரே மூச்சிலா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

இரண்டு நாள் லீவு போட்டு மொத்த வீட்டையும் புரட்டிப்போடுவது பார்க்க வீரமாக இருக்கும். நான் அதற்கு எதிர்க்கட்சி. ஒரே நாளில் வெளியே வரும் நாற்பது விதமான சாமான்களுக்கு நாற்பது வழி தேட யாருக்கும் தெம்பு இருக்காது. ஞாயிறு சாயங்காலம் எல்லாம் ஒரே மூட்டையாகி, முதலில் கண்ணில் படும் தானப் பெட்டிக்குப் போகும். இல்லை, டிக்கிக்குப் போகும். இந்த வாரம் துணி மட்டும், அடுத்த வாரம் சமையல் பாத்திரம் மட்டும் என்று போனால் ஒரு வழியில் ஒரு வகை என்று முடிந்துவிடும். வீடு மாற்றும் அவசரம் என்றால் சரி, வேறு வழியில்லை. அப்போதும் மூன்று பெட்டியாவது தனித்தனியாக வையுங்கள்: போட்டோ எடுத்துக் கொடுக்க வேண்டியவை, போன் செய்து கொடுக்க வேண்டியவை, குப்பை. எந்தப் பெட்டி வீட்டை விட்டு எந்தத் தேதியில் போகிறது என்று அதன் மேலேயே எழுதிவிடுங்கள்.

என் மூட்டைக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். நாலு சட்டையும் இரண்டு பேண்ட்டும் ஒரு காப்பகத்துக்குப் போயின. நைந்த பருத்திச் சட்டைகள் துடைக்கும் துணியாகி அடுப்படியில் இருக்கின்றன. மிக்ஸிக்கு ஐந்தாவது நாள் ஆள் வந்தார், ஜாடியைக் கையோடு கொண்டுவந்து பொருத்திப் பார்த்துவிட்டு எடுத்துப்போனார். மரக்கட்டை நாற்பதில் முப்பத்தெட்டுதான் இருந்தது. இரண்டு குறைவு என்று எழுதிப் போட்டேன், அன்றைக்கே போனது. ஜிப் போன தோள்பை மட்டும் இன்னும் என்னிடம்தான். ஜிப் மாற்றிவிட்டுக் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன். அதன் மேல் ஒட்டிய சீட்டில் தேதியை இரண்டு முறை அடித்து எழுதியாகிவிட்டது.